வெப்ப உலையும் அதன் தீமூட்டியும்

தீயைப் பேணுதலினும் அதனைப் புதிதாக உண்டாக்குதல் கடினமானது என்பதை முன்னோர் நன்கறிந்திருந்தனர். தீக்குச்சி பரவாத காலத்திலே, அடுப்பில் எரிந்த நெருப்பை முற்றாக அவித்துவிடாது, தணலைச் சாம்பலால் மூடிவைத்து, மறுநாட் காலையில் அதனைக் கிளறி ஊதி மூட்டுதல் வீடுகளின் வழக்கமாயிருந்தது. நீறுபூத்த நெருப்பு என்னுந் தொடர் இன்றும் அவ்வழக்கத்தை நினைவூட்டுகின்றது. அவ்வாறு காத்துவைத்த தணலைப்போல எந்நேரமும் ஒரு சிறு சுடரை எரியவிடுதலும், பின்னர் அச்சுடரையும் நீக்கிவிட்டு, வேண்டும்போது மட்டும் ஒரு சிறு கோலைப் பழுக்கக் காய்ச்சித் தீ மூட்டுதலும் எரிவாயுக் கருவிகளின் வரலாற்றிலே அடுத்தடுத்து நிகழ்ந்த மாற்றங்களாகும். அச்சிறு கோலின் இயல்பும், அது பழுதுறுங் காரணங்களும், பழுதுற்றவிடத்து அதனை மாற்றும் முறையும் இங்கு எடுத்துக் கூறப்படும்.

கனடா, ஐக்கிய அமெரிக்கா முதலிய குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குதல் வெறும் வசதி கருதிச் செய்யப்படுவதன்று. உயிர் வாழ்தற்கு இன்றியமையாதது. ரொறன்ரோ மாநகரிலே சனவரி மாதத்து இரவுகளில் வெப்பநிலை நீரின் உறைநிலைக்குக் கீழே 10 பாகையையுந் தாண்டிச் செல்வதுண்டு. அந்நகரின் ஸ்காபரோப் பகுதியிலும் அயலிலுள்ள மார்க்கம் முதலிய இடங்களிலும், 1983 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையினின்றுஞ் சென்ற தமிழர் பல்லாயிரவர் குடியிருக்கின்றனர். அங்குள்ள வீடுகள் பலவற்றின் நிலவறையில் ஓர் எரிவாயு உலை இருக்கும். அதனை அவர்கள் ‘பேர்னஸ்’ என்றே வழங்குவர். விறகடுப்போடு பழகிய தலைமுறையினர்க்கு அந்த இரும்புப் பெட்டி ஒரு புதிராகவே தோன்றும். அது ஒழுங்காக இயங்கும்வரை எவரும் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயின் நடுக் குளிர்காலத்து இரவொன்றில் அது நின்றுவிட்டாலோ, சில மணி நேரத்துள் வீடு முழுவதுங் குளிர்ந்துவிடும். குழந்தைகளும் முதியோரும் துன்புறுவர். அந்நிலை நீடிப்பின், சுவர்களினூடே செல்லும் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கவுங் கூடும். இத்துணைத் துன்பத்துக்குங் காரணம் பல வேளைகளில் உள்ளங்கையில் அடங்கத்தக்க ஒரு சிறு பொருளே. ‘இக்னைற்றர்’ எனப்படும் தீமூட்டியே அது.

தீமூட்டியின் தொழிலை விளங்கிக்கொள்ளுதற்கு முதலில் தீயின் இயல்பை அறிதல் வேண்டும். எரிபொருள், ஒட்சிசன், போதிய வெப்பம் என்னும் மூன்றும் ஒருங்கு கூடியவிடத்தே தீ உண்டாகும். குழாய் வழியே வீடுகளுக்கு வரும் இயற்கை வாயுவின் பெரும் பகுதி மெதேன் ஆகும். காற்றோடு கலந்த கலவையிலே மெதேன் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை இருக்கும்போதுதான் அக்கலவை தீப்பற்றும். அதனிற் குறைந்தாலும் கூடினாலும் பற்றாது. பற்றுதற்கேற்ற கலவையாயினும், அதன் ஒரு பகுதியாவது ஏறத்தாழ 540 சதமபாகை வெப்பத்தை அடைதல் வேண்டும். அவ்வெப்பத்தை உரிய இடத்தில், உரிய நேரத்தில் அளிப்பதே தீமூட்டியின் கடமை. நேரந் தவறின், எரியாத வாயு பெட்டியினுள்ளே திரண்டு நிற்கும். பிந்தி வந்த வெப்பம் அத்திரளைத் தொடும்போது உண்டாவது சுடரன்று, வெடிப்பாகும். ஆதலின், இச்சிறு பொருள் வசதியை மாத்திரமன்றிப் பாதுகாப்பையுஞ் சார்ந்ததொன்றென்பது வெளிப்படை.

பழைய உலைகளிலே இக்கடமையைச் செய்தது ‘பைலற்’ எனப்படும் காவற்சுடர். விரலளவான அச்சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வெப்பம் வேண்டியபோது பெரிய வால்வு திறக்க, வெளிவரும் வாயு அச்சுடரினின்றும் தீயைப் பெற்றுக்கொள்ளும். காற்றுப் பட்டுக் காவற்சுடர் அவிந்துவிட்டால் வாயு வீணே வெளிவந்து ஆபத்தை விளைவிக்கும் அல்லவா? அதனைத் தடுத்தற்கு வெப்பவிணை என்னும் கருவி அச்சுடரினுள் வைக்கப்பட்டது. வெவ்வேறான இரண்டு உலோகங்களை இணைத்து, இணைப்பிடத்தைச் சூடாக்கினால் மின் பிறக்கும் என்னும் உண்மை சீபெக் என்னும் அறிஞரால் 1821 இல் காணப்பட்டது. சுடர் எரியும்வரை அச்சிறு மின் வாயு வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும், சுடர் அவிந்தால் மின்னும் மறையும், வால்வும் மூடிக்கொள்ளும்.

இம்முறை எளிமையும் உறுதியும் வாய்ந்தது. எனினும், கோடைகாலத்திலும் நள்ளிரவிலும் ஒருவர்க்கும் பயன்படாது எரிந்துகொண்டிருக்குஞ் சுடர் எரிபொருளை வீணாக்குவதே. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின் பின்னர் அவ்வீண் செலவைப் பலரும் பொறுக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1987 இல் வீட்டுக் கருவிகளின் சத்திச் சேமிப்புப் பற்றிய சட்டம் நிறைவேறியது. அதன்படி 1992 முதல் புதிதாகச் செய்யப்படும் வீட்டு வெப்ப உலைகள் தாம் கொள்ளும் எரிபொருளில் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 78 பங்கையாவது வெப்பமாகப் பயன்படுத்துதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. என்றும் எரியுங் காவற்சுடர் இவ்விதியின் முன் நிலைக்க இயலாது மெல்ல மறைந்தது. சமையலுக்கான எரிவாயு அடுப்புக்களிலும் 2012 முதல் அத்தகைய சுடர் அந்நாட்டில் விலக்கப்பட்டது. அதனிடத்தைப் பெற்ற முறைகள் இரண்டு. மின்பொறியால் மூட்டுதல் ஒன்று. பழுக்கக் காய்ந்த பரப்பால் மூட்டுதல் மற்றொன்று. பிந்தியதையே வெம்பரப்புத் தீமூட்டி என்பர்.

பரப்பொன்றைப் பழுக்கக் காய்ச்சுதற்கு அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்தினாற் போதும் என்பது யாவருக்குந் தெரிந்ததே. ஆயின் காற்றிலும் சுடரிலும் மாறி மாறி நின்று, ஆயிரக்கணக்கான முறை 1,300 சதமபாகை அளவுக்குக் காய்ந்து ஆறக்கூடிய பொருள் யாது என்பதே வினா. இரும்பு அந்நிலையிலே துருவாய் உதிர்ந்துவிடும். இவ்வினாவுக்கு விடையான பொருள், வேறொன்றைத் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. 1891 இல் அமெரிக்கரான எட்வேட் அச்சிசன் என்பார், செயற்கை வைரம் உண்டாக்கும் எண்ணத்துடன், களிமண்ணையும் கற்கரித் தூளையும் ஓர் இரும்புக் கலத்தில் இட்டு, அதனூடே வலிய மின்னோட்டத்தைச் செலுத்தினார். ஆறிய பின் நோக்கியபோது, கண்ணாடியைக் கீறவல்ல ஒளிரும் பளிங்குகள் சில அங்கே காணப்பட்டன. அவை வைரமல்ல, சிலிக்கனும் காபனும் கூடிய சிலிக்கன் காபைட்டு ஆகும். அதற்கு அவர் காபொரண்டம் என்று பெயரிட்டு, 1893 இல் ஆக்கவுரிமை பெற்றார். பின்பு நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்வலுவைக் கொண்டு பேரளவில் அதனை உண்டாக்கினார். சாணைக் கல்லாகவும் உரைதாளாகவும் உலகெங்கும் பரவிய அப்பொருளே, பிற்காலத்தில் உலைக்குத் தீ கொடுக்கும் கோலாகவும் அமைந்தது.

சிலிக்கன் காபைட்டுக்குச் சிறப்பான இயல்புகள் சிலவுள. அது காற்றிலே காயும்போது அதன் மேற்பரப்பில் சிலிக்காவாலான மெல்லிய போர்வை ஒன்று படியும். அப்போர்வை ஒட்சிசன் மேலும் உட்செல்லாவண்ணந் தடுத்து உட்பொருளைக் காக்கும். இக்காவல் என்றென்றைக்கும் உரியதன்று. காலஞ் செல்லச் செல்ல ஒட்சியேற்றம் சிறிது சிறிதாக உட்புகுந்து, கோலின் மின்தடையைக் கூட்டிவிடும். மற்றோர் இயல்பும் உண்டு: வலிமை மிக்கதாயினும் அது நொய்யது. கண்ணாடிபோல வளையாது முறியும். ஆதலின் பிற்காலத்துத் தீமூட்டிகள் பலவற்றில் சிலிக்கன் நைத்திரைட்டு என்னும் வேறொரு மட்பாண்டப் பொருள் கையாளப்படுகின்றது. இது முன்னதினும் உறுதியானது, விரைவிற் காய்வது, நீண்ட காலம் உழைப்பது.

இனி, உலையொன்று தொழிற்படும் ஒழுங்கை நோக்குவோம். வீட்டின் சுவரிலுள்ள வெப்பநிலை சீராக்கி குளிரை உணர்ந்து உலைக்குச் செய்தி அனுப்பும். உடனே வாயு திறக்கப்படுவதில்லை. முதலிலே புகையை வெளியேற்றும் சிறு விசிறி சுழன்று, முன்னர்த் தங்கிய வாயுவையும் புகையையும் வெளியே தள்ளும். காற்றோட்டம் சரியாக உண்டு என்பதை அமுக்க ஆளி உறுதி செய்த பின்னரே தீமூட்டிக்கு மின் செல்லும். சில வினாடி முதல் அரை நிமிடம் வரையில் அது செம்மஞ்சள் நிறமாகப் பழுத்து ஒளிரும். அதன் பின்னரே வாயு வால்வு திறக்கும். சுடர் தோன்றியதும் சுடருணரி என்னும் மெல்லிய உலோகக் கம்பி சாட்சி சொல்லும். சுடரினுள்ளே மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் இருத்தலால் சுடர் மின்னைக் கடத்தும். அவ்வழி செல்லும் மின்னோட்டம் அம்பியரின் பத்திலட்சத்தில் சில பங்கே. அச்சிறு ஓட்டம் சில வினாடிக்குள் காணப்படாவிடின், கட்டுப்பாட்டுப் பலகை வாயுவை அடைத்துவிடும். சிறிது நேரம் பொறுத்து மீண்டும் முயலும். பெரும்பாலான உலைகள் மூன்று முறையளவில் முயன்று பார்த்து, பின்னர் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும். உலை நின்றுவிட்டதென்று வீட்டார் கருதுவது பல வேளைகளில் இந்நிலையையே. பழுதான உலை பிடிவாதஞ் செய்கின்றது என்று எண்ணுதல் தவறு. ஆபத்தை விளைக்க மறுத்து நிற்கின்றது என்பதே உண்மை.

இவ்வொழுங்கை அறிந்தவர் பழுதின் இடத்தை ஓரளவு தாமே உய்த்துணரலாம். பார்வைச் சாளரத்தின் வழியே நோக்கும்போது விசிறி சுழன்றும் தீமூட்டி சற்றேனும் ஒளிராதிருப்பின், ஒன்று அது முறிந்திருத்தல் வேண்டும், அன்றேல் அதற்கு மின் வந்து சேராதிருத்தல் வேண்டும். தீமூட்டி நன்கு ஒளிர்ந்தும் சுடர் தோன்றாதாயின் வாயு வரவில்லை என்று ஐயுறலாம். சுடர் தோன்றிச் சில வினாடியில் அவிந்துவிடின் குறை தீமூட்டியில் இல்லை. அது தன் கடமையை முடித்துவிட்டது. சாட்சி சொல்லவேண்டிய சுடருணரியில் அழுக்குப் படிந்திருத்தலே அங்கு பெரும்பாலும் காரணம். இவ்வேறுபாட்டை உணராது, உலை நின்றவுடன் தீமூட்டியை மாற்றிப் பொருளை வீணாக்குவோர் பலர்.

வெதுப்படுப்பிலே, அதாவது ‘அவன்’ என வழங்கும் எரிவாயு அடுப்பிலே, இப்பொருள் வேறொரு முறையில் அமைந்துள்ளது. அதனை அறியாதார் எளிதில் ஏமாறுவர். அங்கு தீமூட்டியும் வாயு வால்வும் ஒரே மின்வழியில் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. தீமூட்டியூடு சென்ற மின்னோட்டமே வால்வினுள் இருக்கும் ஈருலோகத் தகட்டைச் சூடாக்கி வளைத்து வாயுவைத் திறக்கின்றது. தட்டையான வடிவுடைய தீமூட்டிகளுக்கு அவ்வோட்டம் ஏறத்தாழ 3.2 அம்பியர் முதல் 3.6 அம்பியர் வரை இருத்தல் வேண்டும். மின்னழுத்தம் 120 வோல்ற்று எனவும், ஓட்டம் 3.2 அம்பியர் எனவும் கொண்டால், ஓமின் விதிப்படி சூடேறிய நிலையில் தடை 37.5 ஓம் ஆகும். பழைமையால் அத்தடை 45 ஓமாக உயர்ந்துவிட்டதெனக் கொள்வோம். அப்பொழுது ஓட்டம் 2.7 அம்பியருக்குக் குறைந்துவிடும். தீமூட்டி அந்நிலையிலும் சிவந்து ஒளிரும். ஆயின் வால்வு திறவாது, அல்லது மிகப் பிந்தித் திறக்கும். ஒளிர்கின்றதே, இது நல்லதுதானே என்று கருதி வால்வை மாற்றுவோர் உளர். ஒளிர்தல் வேறு; போதிய ஓட்டத்தைச் செல்லவிடுதல் வேறு. ஆளியைத் திருப்பி ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகியும் அடுப்புப் பற்றாதிருப்பின், அல்லது பற்றுமுன் வாயு மணம் வீசின், அடுப்பை நிறுத்திவிடுதல் வேண்டும். தீமூட்டி முதுமையுற்றது என்பதற்கு அவை அடையாளங்களாகும்.

தீமூட்டி ஏன் முறிகின்றது என்பதும் ஆராயத்தக்கது. ஒவ்வொரு முறையும் அறை வெப்பத்தினின்றும் 1,300 பாகைக்குச் சென்று மீள்வதனால் அது விரிந்து சுருங்குகின்றது. அவ்வாறு பல்லாயிரம் முறை நிகழ்ந்தபின் முறிதல் இயல்பான முதுமையே. நான்கைந்து ஆண்டு உழைத்த காபைட்டுத் தீமூட்டி முறிந்தால் அதிற் குறைகூற இடமில்லை. ஆண்டுதோறும் முறியுமாயின் வேறு காரணம் உண்டென்பது உறுதி. அவற்றுட் பெரிது காற்று வடிகட்டியைக் கவனியாமை. வடிகட்டியில் தூசி அடைத்துக்கொண்டால் காற்றோட்டங் குறையும். உலை அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். காவல் ஆளி அதனை நிறுத்தும். ஆறியதும் உலை மீண்டும் தொடங்கும். இவ்வாறு ஒரு மணி நேரத்தில் ஓரிரு முறை மட்டும் காயவேண்டிய தீமூட்டி பல முறை காய்ந்து விரைவில் நலிந்துபோகும். மின்னழுத்தம் அளவுக்கு மேற்படுதல், ஈரம் சொட்டுதல், உலையின் அதிர்வு, தீமூட்டி சுடருக்கு மிக அண்மையில் அல்லது சரிவாகப் பொருத்தப்படுதல் என்பனவும் காரணங்களாகும். காரணத்தை நீக்காது பொருளை மட்டும் மாற்றுதல், ஓட்டைப் பானையை அடைக்காது நீரை மட்டும் வார்த்தலை ஒக்கும்.

இனி, மாற்றும் முறை. தொடங்குமுன் சட்டத்தை அறிதல் நன்று. ஒன்ராறியோ மாகாணத்தில் எரிவாயுக் கருவிகளைப் பொருத்துதலும் திருத்துதலும் அதற்குரிய சான்றிதழ் பெற்ற தொழில்வல்லாராலேயே செய்யப்படுதல் வேண்டும். வேறிடங்களில் விதிகள் வேறுபடும். அவ்விதிகள் வீட்டார்க்கு இடங்கொடுக்கும் இடத்திலும், வாயுக் குழாயின் இணைப்புக்களைத் தொடாதிருத்தலே அறிவுடைமை. தொழில்வல்லாரை அழைப்பவரும் முறையை அறிந்திருப்பின், செய்யப்படும் வேலை செவ்வையானதா என்பதைத் தாமே மதிப்பிடலாம்.

முதற்கண் வெப்பநிலை சீராக்கியை நிறுத்தி, உலைக்குச் செல்லும் மின்னைத் துண்டித்து, வாயுவையும் அடைத்தல் வேண்டும். உலை முற்றாக ஆறும்வரை பொறுத்தல் அடுத்தது. முன்கதவைக் கழற்றியதும், சுடர் தோன்றும் குழல்களுக்கு அருகில், வெண்ணிற மட்பாண்ட அடியும் இரண்டு கம்பிகளும் உடையதாய்த் தீமூட்டி காணப்படும். கம்பிகளின் செருகியைப் பிரித்து, பல்மானியால் அதன் தடையை அளக்கலாம். காபைட்டுத் தீமூட்டியாயின் ஆறிய நிலையில் பெரும்பாலும் 40 ஓம் முதல் 90 ஓம் வரை காட்டும். நைத்திரைட்டின் அளவு ஆக்கியோன் குறிப்புக்கேற்ப வேறுபடும். தடை எல்லையற்றதெனக் காட்டின், அது முறிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. சில வேளைகளில் மயிரிழை போன்ற வெடிப்பும், வெண்மையான புள்ளியும் கண்ணுக்கே புலனாகும். தடை சரியாயிருந்தும் ஒளிராதிருந்தால், தீமூட்டி குற்றமற்றது. மின் வந்து சேராமைக்குக் காரணத்தைக் கட்டுப்பாட்டுப் பலகையிலும் அமுக்க ஆளியிலும் தேடுதல் வேண்டும்.

முறிந்தது உறுதியாயின், பிடித்துள்ள திருகாணியைக் கழற்றித் தீமூட்டியை நேராக வெளியே எடுத்தல் வேண்டும். துண்டுகள் உள்ளே வீழ்ந்திருப்பின் அவற்றையும் அகற்றவேண்டும். புதியதைத் தெரிவு செய்தலிலே கவனம் மிக வேண்டும். உலையின் ஆக்கியோன் குறித்த இலக்கத்தையே கொள்ளுதல் முறை. உருவத்தில் ஒத்திருத்தல் போதாது. 120 வோல்ற்றுக்கு உரியதும் 80 வோல்ற்றுக்கு உரியதும் கடையில் அருகருகே இருக்கும். குறைந்த அழுத்தத்துக்கு உரியதைக் கூடிய அழுத்தத்தில் இணைத்தால் அது விரைவிற் கருகி முறியும். காபைட்டுக்குப் பதிலாக நைத்திரைட்டைப் பொருத்த விரும்பின், அவ்வுலைக்கென்றே அமைந்த மாற்றுத் தொகுதியைக் கொள்ளுதல் வேண்டும்.

புதிய தீமூட்டியின் கருநிறப் பகுதியில் விரல் படலாகாது. தோலிலுள்ள எண்ணெய்ப் பசையும் உப்பும் அதிற் படிந்தால், காயும்போது அவ்விடம் மட்டும் வேறுபடச் சூடேறி வெடிப்பு உண்டாகக்கூடும். அது பஞ்சணை போன்ற உறையுள் வைத்து விற்கப்படுவது இக்காரணம் பற்றியே. வெண்ணிற அடியை மாத்திரம் பிடித்து, எதிலும் முட்டாது மெதுவாக உட்செலுத்தி, திருகாணியை அளவோடு இறுக்குதல் வேண்டும். மிகுதியாக இறுக்கின் மட்பாண்ட அடி பிளந்துவிடும். கம்பிகள் சுடரையோ கூரிய விளிம்பையோ தொடாதவாறு ஒதுக்கிய பின், வாயுவையும் மின்னையும் மீளத் திறந்து, உலையின் ஒழுங்கு முழுவதையும் இரண்டு மூன்று முறை நின்று பார்த்தல் வேண்டும். தீமூட்டி ஒளிர்ந்து, வாயு திறந்து, ஓசையின்றி மெதுவாகச் சுடர் பரவி, நிலைத்து எரியுமாயின் வேலை முடிந்தது. ‘டும்’ என்னும் ஓசையோடு பற்றுமாயின் முடியவில்லை. உலையை உடனே நிறுத்தித் தொழில்வல்லாரை அழைத்தல் வேண்டும்.

இவ்விடத்திற் சொல்லாது விடத்தகாத எச்சரிக்கைகள் இரண்டு உண்டு. முதலாவது வாயு மணம் பற்றியது. இயற்கை வாயுவுக்குத் தன்னியல்பான மணம் இல்லை. 1937 மார்ச் 18 ஆந் தேதி, ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள நியூ இலண்டன் என்னும் ஊரின் பாடசாலையில், குழாயினின்றும் ஒழுகிய மணமற்ற வாயு கட்டடத்தின் அடியிலே எவரும் அறியாது நிரம்பியிருந்தது. தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மின்னால் இயங்கும் தேய்கருவியை இயக்கியபோது எழுந்த பொறி அதனைப் பற்றவைத்தது. பாடசாலை இடிந்து வீழ்ந்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே, வீடுகளுக்குச் செல்லும் வாயுவில் மேர்க்கப்டன் என்னும் கெடுமணப் பொருளைக் கலத்தல் வேண்டும் என்னும் சட்டம் அங்கு பிறந்து, பிறவிடங்களிலும் பரவியது. இன்று ஒரு வீட்டில் அழுகிய முட்டையை ஒத்த அம்மணம் வீசுமாயின், அது அக்குழந்தைகளின் சாவினின்றும் பெற்ற எச்சரிக்கை என்று கொள்ளல் வேண்டும். அந்நேரத்தில் ஆளி எதனையுந் தொடாது, தொலைபேசியையும் உள்ளே நின்று எடுக்காது, வீட்டார் யாவரும் வெளியேறி, அங்கிருந்தே உதவியை அழைத்தல் வேண்டும். தீமூட்டி முறிந்த உலையைத் தீக்குச்சியால் மூட்ட முயலுதல் ஒருபோதுந் தகாது. நேரத்தை அளந்து வாயுவைத் திறக்கும் கருவிக்கு இடையிலே மனிதன் கையை நீட்டுதல் தன் கையையே இழத்தற்கு வழியாகும்.

இரண்டாவது, உலை நின்ற இரவிலே செய்யத்தகாதவை பற்றியது. குளிரைத் தாங்காது, கரியடுப்பை வீட்டினுள்ளே மூட்டுதலும், வெதுப்படுப்பின் கதவைத் திறந்துவைத்து அறையைச் சூடாக்குதலும் சிலர் செயல். அவற்றால் உண்டாகும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. 2013 திசெம்பரில் உறைபனிப் புயலால் ரொறன்ரோ நகரில் இலட்சக்கணக்கான வீடுகள் மின்னை இழந்தன. மின் இன்றேல் இக்காலத்து எரிவாயு உலையும் இயங்காது. அந்நாட்களில் கரியடுப்பையும் மின்பிறப்பாக்கியையும் வீட்டினுள்ளே இயக்கியமையால் அந்நஞ்சுக்கு ஆளானோர் பலர். மணமற்ற நஞ்சை மூக்கு அறியாது. கருவியே அறிவிக்க வேண்டும். ஒன்ராறியோவிலே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி பற்றிய சட்டம் அதே 2013 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. எரிபொருள் எரியும் வீடுகளிற் படுக்கையறைகளுக்கு அருகே அக்கருவி இருத்தல் அங்கு கட்டாயமாகும். தீமூட்டியை மாற்றும் நாளிலேயே அக்கருவியின் மின்கலத்தையும் சோதித்துக்கொள்ளுதல் நல்ல வழக்கமாகும்.

மேற்கூறியவற்றால், வீட்டார் செய்யத்தக்கன எவை, பிறரிடம் விடத்தக்கன எவை என்பது தெளிவாகும். வடிகட்டியைக் காலந்தோறும் மாற்றுதல், குளிர்காலந் தொடங்குமுன் உலையை ஒருமுறை இயக்கி அதன் ஒழுங்கைக் கண்ணாற் பார்த்தல், பற்றுதற்குப் பிந்துகின்றதா, ஓசை எழுகின்றதா என்று கவனித்தல், தீமூட்டியின் இலக்கத்தைக் குறித்துவைத்தல் என்பன எவரும் செய்யக்கூடியவை. வாயுக் குழாயும் வால்வும் வெப்பமாற்றியும் தொழில்வல்லார்க்கு உரியவை. மழைக்குமுன் கூரை வேய்தல் அறிவுடைமை என்பதைப் பனையோலை வேய்ந்த வீடுகளில் வாழ்ந்தோர்க்கு எவரும் கற்பித்தல் வேண்டா. குளிர்நாட்டில் வாழ்வோர்க்கு ஒக்ரோபர் மாதமே கூரை வேயும் பருவம். அவர் அப்பருவத்தில் நோக்கவேண்டிய கூரைகளுள் நிலவறையிலுள்ள உலையும் ஒன்றாகும்.